காட்டுக் குரல்

"பேசறாளா, தாலாட்டுப் பாடறாளா?" என்று முன்வரிசையிலிருந்து கண்ணம்மாள் கேட்டாள். மைக்கில் பேசிக்கொண்டிருந்த சுகுணாவுக்கே அது நன்றாகக் காதில் விழுந்தது.

பள்ளிக்கூடத்து முன்னால் கூடியிருந்த கூட்டம் சிரித்தது.

ஊராட்சித் தலைவர் சுகுணா தொண்டையைச் செருமிக்கொண்டு, விட்ட இடத்தில் பிடித்தாள். "ஆகவே, அன்பார்ந்த பெரியோர்களே, இயற்கை வளங்களைப் பேணிக் காப்பது நம் அனைவரின் தலையாய கடமையாகும்..."

மெல்லிசாக, சிரித்த முகம் மாறாமல், வாக்கியத்துக்கு வாக்கியம் மூச்சை இழுத்து விட்டுப் பேசினாள். மேடைப் பேச்சு சொல்லித் தரும் வீடியோவில் அப்படித்தான் சொல்லியிருந்தார்கள். ஒரு மாதமாக மாட்டுக்கொட்டகையில் நின்று பழகிய பேச்சு.

ஏரிக்கு மேற்கே இருக்கும் பாறைக்குன்றை, அந்தக் கரட்டை, உடைத்து ஜல்லி எடுக்க ஒரு கம்பெனி வந்திருந்தது. ஆட்சேபணை இல்லை என்று இன்றைக்குக் கிராம சபை கை தூக்கிவிட்டால், நாளைக்கே வெடி வைத்துவிடுவார்கள். கரட்டில் பெய்கிற மழைதான் வழிந்து ஏரிக்கு வருகிறது. கரடு போனால் ஏரியும் போச்சு.

ஊருக்கு இது தெரியாமல் இல்லை. ஆனால் கோயிலுக்குக் கோபுரம் கட்டித் தருவதாகக் கம்பெனி மேனேஜர் சொல்லியிருந்தார்.

அவரும் முன்னால் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். சுகுணாவின் பேச்சுக்குத் தலையாட்டினார். "அருமையாப் பேசறீங்க மேடம்!"

"அவருக்கே புடிச்சிருக்குதுன்னா பாத்துக்கங்க!" என்றாள் கண்ணம்மாள்.

மறுபடியும் சிரிப்பு. போன தேர்தலில் சுகுணாவிடம் தோற்றவள் கண்ணம்மாள். அன்றிலிருந்து எந்தக் கூட்டத்திலும் அவளைச் சீண்டாமல் விட்டதில்லை.

ஜனங்கள் தங்களுக்குள் பேச ஆரம்பித்துவிட்டார்கள். பென்னாகரம் சந்தையில் சாமந்தி என்ன விலை போச்சு என்று ஒருவர் விசாரித்துக்கொண்டிருந்தார்.

"மேடம், சீக்கிரம் முடிச்சிட்டுக் கை தூக்கச் சொல்லிடலாங்க" என்று செயலர் தமிழ்ச்செல்வன் காதைக் கடித்தார்.

சுகுணா இன்னும் மெதுவாகச் சிரித்து, "இத்தருணத்தில்..." என்று தொடங்கினாள்.

மைக் செத்துப் போனது.

திரும்பிப் பார்த்தாள். முன்வரிசையிலிருந்து எப்போது எழுந்து போனாளோ, பள்ளிக்கூட வராந்தாவில், பிடுங்கிய ஒயரைக் கையில் சுருட்டி வைத்துக்கொண்டு கண்ணம்மாள் நின்றிருந்தாள். மைக்செட்காரர் கெஞ்சினார். அவள் கொடுக்கிற வழியாக இல்லை.

மேனேஜர் எழுந்தார். "பரவாயில்லைங்க மேடம். நீங்க சொல்ல வந்தது எல்லாருக்கும் புரிஞ்சிடுச்சு. நானே முடிச்சு வெச்சிடறேன்..."

சுகுணாவுக்கு அடிவயிற்றிலிருந்து ஏறியது. ராகிக்காட்டில் காட்டுப்பன்னி புகுந்தால் பரண்மேல் நின்று போடுவாளே, அந்தச் சத்தம்.

"ஓஓஓய்! உக்காருய்யா!"

பின்வரிசை ஆண்கள் பாதிப் பேர் துள்ளி எழுந்துவிட்டார்கள். "பன்னியா? எந்தப் பக்கம்?" என்று பெரியண்ணன் தடியைத் தேடினார்.

"இந்தப் பக்கந்தான் மாமா! அதுவாச்சும் ராகியத் தின்னுட்டுப் போயிடும். இது கரட்டையே தின்னுட்டுத்தான் போவும்!"

கூட்டம் அடங்கிவிட்டது. மேனேஜர் உட்கார்ந்துவிட்டார்.

"கோபுரங் கட்டித் தராங்களாம். கட்டட்டும். கும்பாபிசேகத்துக்குத் தண்ணிக்கு எங்க போவீங்க? லாரிக்கு போன் போடுவீங்களா? மாமா, உங்க போர்ல என்ன வருது, சொல்லுங்க."

"காத்துதான் வருது" என்றார் பெரியண்ணன்.

"ஏரி இருக்கறப்பவே காத்து. ஏரியும் போனா? பொழுதுக்கும் கொடத்தத் தூக்கிட்டு அலையற ஊர்ல எவன் பொண்ணு குடுப்பான்? பசங்கள வெச்சிருக்கறவங்க ரோசிச்சுக்கங்க."

யாரும் சாமந்தி விலை பேசவில்லை.

"எனக்குக் கோர்வையாப் பேச வராது. வேணாம்னு சொல்ல வரும். நான் இருக்கற வரைக்கும் அந்தக் கரட்டுல ஒத்தக் கல்லு எடுக்க வுடமாட்டேன். குவாரி வேணாங்கறவங்க கையத் தூக்குங்க!"

செயலர் எண்ணத் தொடங்கிப் பாதியில் விட்டுவிட்டார். தூக்காத கைகளை எண்ணுவது சுலபமாக இருந்தது.

குவாரிக்கு அனுமதி இல்லை என்று தீர்மானம் எழுதி வாசித்தார்கள். மேனேஜர் வந்த டீயைக்கூடக் குடிக்காமல் காரில் ஏறினார்.

கூட்டம் கலைந்ததும் சுகுணா நேராக வராந்தாவுக்குப் போனாள்.

"அக்கா, உங்களுக்கும் எனக்கும் ஆயிரம் இருக்கட்டும். ஊரே வாழ்வா சாவான்னு நிக்கறப்ப ஒயரப் புடுங்கறீங்களே, இது நாயமா?"

"நாயந்தான்." கண்ணம்மாள் ஒயரை நீட்டினாள். "இன்னும் கொஞ்ச நேரம் அந்த மைக்குல பேசியிருந்தீன்னா அந்தாளு ஜெயிச்சிருப்பான். உங்காட்டுக்குப் பக்கத்துக் காடு என்னுது. நீ போடற சத்தத்துல எங்காட்டுப் பன்னியும் சேந்து ஓடுது. அந்த வாய வூட்டுல வெச்சிட்டு வந்து, எவனாட்டமோ பேசிட்டு நிக்கற!"

சுகுணா ஒயரை வாங்கிக்கொண்டாள். "அப்ப... எனக்காகவா அக்கா?"

"ரொம்பப் பூரிச்சுப் போவாத. ஏரி எனக்குந்தான்" என்று கண்ணம்மாள் படியிறங்கினாள். "அதுவுமில்லாம, அடுத்த எலெக்சன்ல உன்னத் தோக்கடிக்கப் போறவ நான். வாயில்லாதவளத் தோக்கடிச்சா எனக்கென்னடி பெருமை?"