தள்ளிவிட்ட தட்டு

"தட்டு உன்கிட்ட வந்தா, சூடு பட்ட மாதிரி அடுத்த ஆள்கிட்ட தள்ளி விடறியே, ஏன் மச்சான்?"

ரொட்டி மாஸ்டர் மாவுப் பலகையைச் சுரண்டிக்கொண்டே கேட்டார். மச்சான், அதாவது அவர் மனைவியின் தம்பி, காது கேளாதவன் போல ட்ரேக்களுக்கு எண்ணெய் தடவிக்கொண்டிருந்தான்.

சனிக்கிழமை மத்தியானம். மறுநாள் சபையில் திருவிருந்து, இயேசுவின் நினைவாக எல்லாரும் ரொட்டி எடுத்து உண்ணும் ஆராதனை. அதற்கான ரொட்டி இந்த பேக்கரியிலிருந்துதான் போகும். மாவு பிசைவதிலிருந்து சுட்டு எடுப்பதுவரை எல்லாம் மச்சானின் கைவேலை. ஆனால் ஆராதனையில் அதே ரொட்டி துண்டு துண்டாகத் தட்டில் வரும்போது அவன் மட்டும் எடுக்கமாட்டான். பாடகர் குழுவில் முன்னால் நின்று தொண்டை கிழியப் பாடியவன், இப்போது கடைசி பெஞ்சில் மாஸ்டர் பக்கத்தில் உட்கார்ந்து தரையைப் பார்க்கிறான். எல்லாம் போன வருஷத்து விபத்துக்குப் பிறகுதான்.

விபத்து நடந்தது மாஸ்டருக்கு. ஓடாமல் நின்றிருந்த மாவு பிசையும் மிஷினுக்குள் குனிந்து, அடியில் ஒட்டியதை வழித்துக்கொண்டிருந்தார். மிஷின் திடீரென்று ஓட ஆரம்பித்துவிட்டது. வலது கையில் இப்போது கட்டை விரலும் சுட்டு விரலும்தான் மிச்சம். கரண்ட் போயிருக்கிறது, மாஸ்டர் சுவிட்சை அணைக்க மறந்து கையை விட்டிருக்கிறார், கரண்ட் வந்ததும் மிஷின் ஓடியிருக்கிறது என்று பேச்சானது. முதலாளி பயந்துபோய் உடனே ஒரு ஜெனரேட்டர் வாங்கிப் போட்டார். மாஸ்டரின் மனைவியோ, "சுவிட்சை அணைக்காம யாராவது கையை விடுவாங்களா, புத்தி இருக்கா?" என்று இன்றைக்கும் சோறு போடும்போதெல்லாம் திட்டுகிறாள். அவரும் தலையாட்டிக்கொண்டே சாப்பிடுகிறார்.

"கேக்கறேன்ல? எதுக்குத் தள்ளி விடறே?"

"அதை எடுக்க எனக்குத் தகுதி இல்ல மாமா."

"தகுதி பார்த்துக் கொடுக்க ஆரம்பிச்சா போதகருக்கே கிடைக்காது. தட்டு முழுசா அப்படியே திரும்பிப் போயிடும். கிருபைன்னா என்னன்னு நினைச்சே, ஒழுங்கா இருக்கறவனுக்குக் கொடுக்கற பரிசுன்னா?"

"உங்களுக்கு என்ன, சுலபமா சொல்லுவீங்க. ஈ எறும்புக்குக்கூடக் கெடுதல் நினைக்காத ஆளு."

"யார் சொன்னா? எனக்கும் ஒண்ணு இருக்கு. ஒவ்வொரு தடவையும் அதைச் சொல்லி மன்னிப்பு கேட்டுட்டுத்தான் நான் எடுக்கறேன்."

மச்சான் நிமிர்ந்தான். "நீங்களா? என்னது?"

"ரொட்டி வேகாது உன் கேள்வியில. உப்பை எடு."

உப்பை எடுத்துக் கொடுத்தான். பிறகு மெதுவாகச் சொன்னான்.

"நான் வேலையை விடப் போறேன் மாமா. திங்கக்கிழமை முதலாளிகிட்ட சொல்லிட்டு வேற ஊருக்குப் போயிடறேன்."

மாஸ்டர் சுரண்டுவதை நிறுத்தினார். "உங்க அக்காவுக்குத் தெரியுமா?"

"தெரியாது."

"நல்லா இருக்கு. இந்த அரைக் கையை வெச்சுக்கிட்டு நான் எந்த மாவைப் பிசையறது?"

அவர் விளையாட்டாகத்தான் கையைத் தூக்கிக் காட்டினார். மச்சானின் முகம் வெளிறிவிட்டது.

"மாமா, உங்ககிட்ட ஒண்ணு சொல்லணும்."

"முதல்ல போய் ஈஸ்ட் எடுத்துட்டு வா."

எப்போதும் இப்படித்தான். அவன் பேச வாயெடுத்தால் போதும், மாஸ்டருக்கு உடனே ஈஸ்ட் வேண்டும், இல்லாவிட்டால் எண்ணெய் வேண்டும். வருஷம் முழுக்க இந்த ஓட்டம்தான். இன்றைக்கு அவன் நகரவில்லை.

"அன்னைக்குக் கரண்ட் போகவே இல்ல மாமா. நான்தான் சுவிட்சைப் போட்டேன்."

மாஸ்டர் அடுப்புப் பக்கம் திரும்பிக்கொண்டார். அவன் அவர் முதுகைப் பார்த்துப் பேசினான்.

"நீங்க உள்ள குனிஞ்சிருந்தது எனக்குத் தெரியாது. வழக்கம்போல வந்த வேகத்துல போட்டுட்டேன். உங்களை ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போனப்புறம் யாரோ கரண்ட் போச்சுன்னாங்க. நான் வாயை மூடிக்கிட்டேன். அணைக்க மறந்துட்டோம்னு நீங்களும் நம்பிட்டீங்க. அக்கா உங்களைத் திட்டறப்போ எல்லாம் எனக்குச் சோறு இறங்கல. இந்தக் கையால பிசைஞ்ச ரொட்டியை நான் எப்படி மாமா எடுத்து வாயில வைப்பேன்?"

அவன் அழுதான். மாஸ்டர் ஒரு ட்ரேயைத் தூக்கி, எதற்கென்று தெரியாமல் திரும்ப அதே இடத்தில் வைத்தார்.

"இதை நீ என்னைக்காவது சொல்லிடுவேன்னு பயந்துதான்டா உன்னை ஈஸ்ட்டுக்கு விரட்டிட்டு இருந்தேன்," என்றார். "சொன்னா என் வண்டவாளமும் வெளியே வந்துடுமே."

"உங்க வண்டவாளமா?"

"நான் குனிஞ்சுதான் இருந்தேன் மச்சான், செவிடா இருந்தேனா? சபைக்கே கேக்கற தொண்டையில பாடிக்கிட்டே வந்து, பாட்டைக்கூட நிறுத்தாமதானே சுவிட்சைப் போட்டே?"

மச்சான் கண்ணைத் துடைக்க மறந்து நின்றான்.

மாஸ்டர் இரண்டு விரலால் அவன் சட்டையைப் பிடித்துப் பக்கத்தில் இழுத்தார். "நாளைக்குத் தட்டு வந்தா ஒழுங்கா எடு. ஆஸ்பத்திரியில படுத்துக்கிட்டு, கரண்ட் போச்சு, சுவிட்சை நான்தான் மறந்தேன்னு வாய் கூசாம பொய் சொல்லி, பாவம் அந்த முதலாளியை ஜெனரேட்டர் வாங்க வெச்சவன் நான். நானே எடுத்துச் சாப்பிடறேன்!"