மாதிரி எண் நாற்பத்தொன்று

"முதல் வாட்டி நனைஞ்ச நாய் மாதிரி இருந்துச்சு. போன வாட்டி அந்த நாயைத் துடைச்ச துணி மாதிரி இருந்துச்சு. இன்னைக்கு யாரைக் கூட்டிட்டு வந்திருக்கே?" என்றார் மூக்கம்மா.

"அதேதான் மேடம். ஆனா நல்லா சுத்தம் பண்ணியிருக்கேன்."

"நாயையா?"

பக்கத்தில் மடிக்கணினியோடு உட்கார்ந்திருந்த கையேட்டுக்காரர் சிரிப்பை இருமலாக மாற்றிக்கொண்டார். நின்றுகொண்டிருந்தவனுக்குச் சிரிப்பு வரவில்லை. மாதிரி எண் நாற்பத்தொன்று என்கிற அந்த ஒரே வேதிப்பொருளோடு இரண்டு வருடமாக மல்லுக்கட்டியதில் அலுவலகம் அவன் பெயரையே மறந்துவிட்டது. கேன்டீனில்கூட அவன் 'நாற்பத்தொண்ணு'தான்.

வாசனைத் திரவியமும் சுவையூட்டியும் தயாரிக்கிறவர்கள் புரட்டிப் பார்த்து ஆர்டர் கொடுக்கிற கையேடு அவர்களுடையது. பொருளுக்கு ஒரு பக்கம். கொதிநிலை, அடர்த்தி, எதில் கரையும் என்பதையெல்லாம் இயந்திரங்கள் சொல்லிவிடும். 'மணம்' என்கிற ஒரு கட்டத்தை மட்டும் மூக்கம்மாதான் நிரப்ப வேண்டும். இருபத்திரண்டு வருடமாக வாசனை சோப்பு போடாதவர், பூ வைக்காதவர், வெங்காயத்தைப் பகையாளியாகப் பார்ப்பவர்.

அந்தக் கட்டம் மூன்று முறை காலியாகத் திரும்பினால் பொருளுக்குக் கல்தா. அதைச் செய்தவனுக்குக் கழிவறைத் திரவப் பிரிவுக்கு மாற்றல். இது மூன்றாவது முறை.

"கண்ணு ஏன் இப்படிச் சிவந்திருக்கு?"

"ராத்திரி தூக்கமில்ல மேடம்."

"பயமா?"

"அதுவும்தான்."

முகரும் அறைக்கென்று சட்டதிட்டங்கள் உண்டு. ஆய்வகக் கோட்டு உள்ளே வரக்கூடாது. வருகிறவர் வாசனையில்லாத சோப்பில் குளித்து, வெறும் தண்ணீரில் அலசிய சட்டையோடு வர வேண்டும். அவன் அப்படித்தான் வந்திருந்தான். சட்டைப் பையிலிருந்து சின்னப் பழுப்புக் குப்பியை எடுத்து, காகிதப் பட்டையின் நுனியை அதில் நனைத்து, மூக்கம்மாவின் நாற்காலியருகே குனிந்து நீட்டினான். அதில் என்ன வாசனை வரும் என்று அவனுக்கே தெரியாது. இரண்டு வருடம் அதிலேயே ஊறி அவன் மூக்கு மரத்துப்போயிருந்தது.

மூக்கம்மா முகர்ந்தார். புருவம் சுருங்கியது. தன் முழங்கை மடிப்பை ஒரு முறை முகர்ந்து மூக்கைச் சரிசெய்துகொண்டு, மறுபடி முகர்ந்தார்.

அவன் மெதுவாகப் பின்வாங்கினான். கதவு எத்தனை அடியில் இருக்கிறது என்று முன்பே பார்த்து வைத்திருந்தான்.

"எங்கே போறே? அங்கேயே நில்லு. நீ நகர்ந்தா காத்து கலைஞ்சு வாசனை ஓடிப்போயிடுது."

அவன் மூச்சையும் சேர்த்துப் பிடித்துக்கொண்டு நின்றான்.

"எழுதிக்கோங்க," என்றார் மூக்கம்மா. குரலில் என்றுமில்லாத ஒரு பதம். "இனிப்பு. ஆனா சர்க்கரை இனிப்பு இல்ல. கூடவே புளிப்பு. தப்பில்லாத புளிப்பு."

"தப்பில்லாத புளிப்புன்னு போட்டா வாடிக்கையாளர் வழக்குப் போடுவார் மேடம்."

"அப்ப மென்மையான புளிப்பு. பின்னால கொஞ்சம் பவுடர். அதுக்கும் பின்னால ஒரு வெதுவெதுப்பு." கண்ணை மூடிக்கொண்டார். "வெளியூர்ல இருக்கற என் பையனுக்கு போன் பண்ணணும் போல இருக்கு."

"அதை எந்தக் கட்டத்துல போட?" கையேட்டுக்காரர் விரலை விசைப்பலகை மேல் வைத்தபடி உண்மையாகவே கேட்டார்.

"திட்டாம அவன்கூடப் பேசி ஆறு மாசமாச்சு," என்று காகிதப் பட்டையிடம் சொல்லிவிட்டு மூக்கம்மா கையெழுத்துப் போட்டார்.

அன்று மதியமே இணையக் கையேட்டில் நாற்பத்தொன்றாம் மாதிரிக்கு ஒரு பக்கம் ஏறியது. கேன்டீன்காரர் அவனுக்கு மட்டும் இரண்டாவது காப்பி கொடுத்தார், கேட்காமலே.

நான்கு மணிக்குக் கையேட்டுக்காரர் ஆய்வகத்துக்கு மூச்சிரைக்க ஓடி வந்தார்.

"தம்பி, பெரிய சோப்புக் கம்பெனிக்காரங்க! பக்கத்தைப் படிச்ச உடனே போன். இந்த மணத்தைத்தான் நாலு வருஷமா தேடறாங்களாம். சனிக்கிழமைக்குள்ள அஞ்சு கிலோ வேணுமாம்!"

"இதோ, கைவசம் எவ்வளவு இருக்குன்னு பார்த்துடறேன் சார்."

குளிர்பெட்டியைத் திறந்தவன் அப்படியே நின்றான். மாதிரி எண் நாற்பத்தொன்று, மூடியில் ஒட்டிய முத்திரை கிழியாமல், நேற்று வைத்த இடத்திலேயே சமர்த்தாக உட்கார்ந்திருந்தது. சட்டைப் பையில் இருந்த குப்பியை எடுத்துப் பார்த்தான். அதே அளவு, அதே பழுப்பு. மேலே அவன் கையெழுத்திலேயே எழுதியிருந்தது: 'வெறும் கரைப்பான். மணமற்றது.'

அப்படியானால் காலையில் அந்த மூக்கு எதை முகர்ந்தது?

குளிர்பெட்டியின் கண்ணாடிக் கதவில் அவன் உருவம் தெரிந்தது. இடது தோளில், சட்டை மேல், கக்கிய பால் காய்ந்துபோன வெள்ளைக் கறை ஒன்று.

"என்னப்பா, அஞ்சு கிலோ இருக்கா இல்லையா?"

"அஞ்சரை கிலோ இருக்கு சார்," என்றான் நாற்பத்தொண்ணு. "மூணு மாசம் ஆகுது. இப்பதான் கழுத்து நின்னிருக்கு."