அணிலுக்கு ஒரு அடி போதும்

"ரூம் வேணும்னா என்னோட விளையாடி ஜெயிச்சு எடுத்துக்கட்டும்!"

அக்கா இப்படிச் சொன்னதும் தம்பிக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

அவனுக்குக் கல்யாணமாகி ஒரு வாரம்தான் ஆகிறது. வீட்டில் இரண்டே படுக்கையறை. ஒன்றில் அப்பாவும் அம்மாவும். இன்னொன்றில், கல்யாணமே வேண்டாம் என்று ராணி மாதிரி இருக்கும் அக்கா. புது ஜோடிக்கு ஹாலில், ஃபிரிட்ஜுக்குப் பக்கத்தில் மெத்தை. தண்ணீர் குடிக்க வருகிற அப்பா இருட்டில் இவன் காலை மிதித்துவிட்டு, "இன்னும் தூங்கலையாடா?" என்று அக்கறையாக விசாரிப்பார்.

விளையாட்டு என்றால், மிருகப் படம் போட்ட அந்தச் சீட்டு விளையாட்டு. அக்கா அதில் புலி. போட்டி போட்டியாகப் போய்க் கோப்பைகளாக வாங்கிக் குவித்தவள். புது மனைவியோ சீட்டை எந்தப் பக்கம் பிடிப்பது என்று நேற்றுத்தான் கற்றுக்கொண்டாள்.

"இது அநியாயம்க்கா!"

"பயமா இருந்தா வேண்டாம். ஃபிரிட்ஜ் பக்கத்துலயே படுங்க. குளுகுளுன்னு இருக்கும்."

"நான் விளையாடறேன் அண்ணி" என்று கையை மடித்துவிட்டுக்கொண்டு உட்கார்ந்தாள் புது மனைவி.

அக்கா தனக்குப் பளபளவென்று புதுச் சீட்டுக்கட்டை எடுத்துக்கொண்டாள். புது மனைவியிடம் தள்ளியது ஓரமெல்லாம் தேய்ந்த பழைய கட்டு. இதிலுமா ஓரவஞ்சனை என்று தம்பி பல்லைக் கடித்தான்.

ஒவ்வொரு மிருகத்துக்கும் இரண்டு எண். ஒன்று அடி, இன்னொன்று உயிர். ஆடுகிறவருக்கும் தனியாக உயிர்க்கணக்கு உண்டு; குறுக்கே மிருகத்தை நிறுத்தித் தடுக்காவிட்டால் அடி அதில்தான் விழும். அது காலியானால் ஆட்டம் முடிந்தது. தம்பிக்குத் தெரிந்தது அவ்வளவுதான்.

புது மனைவி காண்டாமிருகத்தை அனுப்பினாள். அதன் அடி ஆறு. அக்கா ஓநாயையும் கரடியையும் குறுக்கே நிறுத்தினாள். இரண்டுக்கும் உயிர் நாலு நாலு.

"அதுக்கு மூணு, இதுக்கு மூணு" என்றாள் புது மனைவி.

"சொத்தா பாகம் பிரிக்கிறே?" அக்காவின் குரல் தெருமுனைவரை போயிருக்கும். "ரெண்டும் சாகாம நிக்குது பாரு! முன்னாடி நிக்கிறது சாகிற அளவுக்கு அடி போட்டுட்டுத்தான் அடுத்ததுகிட்ட போகணும். விதின்னா விதிதான்!"

சொல்லிவிட்டு, நாலு அடியில் செத்த தன் ஓநாயை எடுத்து ஓரமாக வீசினாள். புது மனைவியின் முகம் சுருங்கிவிட்டது.

"புதுசா வந்த பொண்ணைப் படுத்தாதடி!" என்று சமையலறையிலிருந்து அம்மா கத்தினாள்.

"நீ சும்மா இரும்மா! இவ என்னைப் படுத்தறா!"

ஆட்டம் நீண்டது. புது மனைவி எதைச் செய்தாலும் அக்கா தலையில் அடித்துக்கொண்டாள். "ஐயோ!", "அதை ஏன் வெச்சே?", "கடவுளே!" தம்பிக்குக் காதில் புகை வந்தது. ஒரு ரூமுக்காகவா இப்படி ஒரு பேராசை? கூடப் பிறந்தவள் என்று சொல்லிக்கொள்ளவே கூசியது.

கடைசியில் புது மனைவியிடம் யானை வந்தது. அடி ஏழு. அதை முன்னே நகர்த்தினாள்.

அக்கா கையிலிருந்த சீட்டுகளை மேலும் கீழும் பார்த்துவிட்டு, யானைக்குக் குறுக்கே ஒரு அணிலை வைத்தாள். உயிர் ஒன்று.

"யானையையும் தடுத்துட்டீங்களே அண்ணி" என்று அழாக்குறையாகச் சொன்னாள் புது மனைவி. "சரி, ஏழு அடியும் அணிலுக்கே."

அக்கா மேஜையில் ஓங்கித் தட்டினாள். "தப்பு!"

தம்பி துள்ளி எழுந்தான். "போதும்க்கா! கொஞ்சம் விட்டுக் கொடுத்தா குறைஞ்சா போயிடுவே? எங்களுக்கு உன் ரூமே வேண்டாம்!"

"வாயை மூடிட்டு உக்காருடா!" அக்கா இவனைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. "யானைக்குக் கீழே என்ன எழுதியிருக்கு? படிம்மா."

"'மிதித்துச் செல்லும்'னு போட்டிருக்கு."

"அப்படின்னா, தடுக்கிறது செத்தது போக மீதி அடி எதிராளிக்குப் போகலாம். அணில் சாக எத்தனை அடி?"

"ஒண்ணு."

"மீதி?"

"ஆறு."

"எனக்கு எத்தனை உயிர் இருக்கு?"

புது மனைவி எட்டிப் பார்த்தாள். "ஆறு..." வாய் பிளந்தது. "அண்ணி! அப்போ நான்..."

"நீதான்! நீயேதான்! ரூமை எடுத்துக்கோ, போ!"

புது மனைவி போட்ட கூச்சலில் அம்மா கரண்டியோடு ஓடிவந்தாள். இவளோ அம்மாவைக் கட்டிப்பிடித்து ஒரு சுற்றுச் சுற்றினாள். "அத்தை, யானை! அத்தை, யானை!" அம்மாவுக்கு ஒன்றும் புரியவில்லை. ஆனாலும் சேர்ந்து சிரித்தாள்.

தம்பி பெட்டியைத் தூக்கிக்கொண்டு அக்காவின் அறைக்குள் போனான். போனவன் அப்படியே நின்றுவிட்டான்.

அலமாரி காலி. கோப்பைகளைக் காணோம். கட்டிலில் மடிப்புக்கூடக் கலையாத புது விரிப்பு.

பின்னாலேயே வந்து அக்கா கதவைச் சாத்தினாள்.

"எப்பக்கா காலி பண்ணே?"

"கத்தாதடா. கல்யாணத்துக்கு மறுநாளே. எடுத்துக்கோன்னா, 'உங்க ரூமைப் பிடுங்கிக்கிட்டேன்னு பேர் வேண்டாம் அண்ணி'ன்னு கையெடுத்துக் கும்பிடறா. சும்மா குடுத்தா வாங்க மாட்டா. வேற என்ன பண்ணச் சொல்றே?"

"அந்தப் பழைய சீட்டுக்கட்டு?"

"நான் கோப்பை வாங்கினதெல்லாம் அதை வெச்சுத்தான்."

வெளியே, "அம்மா! அண்ணியையே தோக்கடிச்சுட்டேன்மா!" என்று புது மனைவி தன் அம்மாவிடம் போனில் குதித்துக்கொண்டிருந்தாள்.

அக்கா கட்டிலில் பொத்தென்று உட்கார்ந்து முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

"இத்தனை கோப்பை ஜெயிச்சிருக்கேன். ஆனா இன்னைக்கு உன் பொண்டாட்டிகிட்ட தோக்கிறதுக்குப் பட்ட பாடு இருக்கே, ஒரு கோப்பைக்குக்கூடப் பட்டதில்லடா!"