அரைக் கட்டை

ஏழெட்டு வருடத்துக்கு ஒருமுறை டெஸ்மண்ட், தனக்குப் பேர் வாங்கித் தந்த அந்தப் பாட்டின் சுருதியை அரைக் கட்டை இறக்கிவிடுவார். இருபத்திரண்டு வயதில் லண்டனில் அவர் பாடி ஒலித்தட்டில் ஏறிய உச்சத்தைத் தொண்டை தர மறுத்த நாளில் தொடங்கிய பழக்கம். ரசிகர்களில் ஒருவர்கூடக் கண்டுபிடித்ததில்லை. இப்போது எழுபத்தாறு வயது. அவருடைய பேஸ் கிட்டாரின் தடித்த தந்தி கொடிக்கயிறு போலத் தொய்ந்து கிடந்தது.

"இதுக்கும் கீழ இறக்கினா தந்தி பேசாது, டெஸ்மண்ட்," என்றாள் அவருடைய கிட்டார்களைப் பார்த்துக்கொள்ளும் மோராக்.

"யாருக்குத் தெரியப்போகுது? நீ இறக்கு."

அன்று மாலை மேடையில், உச்சத்துக்கு ஏறும் வரி வந்தபோது, அவ்வளவு இறக்கியும் குரல் எட்டவில்லை. கூட்டத்தைப் பாடவிடுவது கையாலாகாதவன் வேலை என்று ஐம்பது வருடமாகச் சொல்லிவந்தவர், முதல்முறையாக மைக்கை அவர்கள் பக்கம் திருப்பினார். புரிந்துகொண்டு வாத்தியங்கள் நின்றன.

நான்காயிரம் நரைத்த தலைகள் பாடின. வாத்தியங்கள் விட்ட சுருதியில் இல்லை. ஒலித்தட்டில் இருந்த பழைய சுருதியில், மூன்று கட்டை மேலே. எட்டாத ஆண்கள் கள்ளக்குரலில் எட்டினார்கள். ஒருவரும் பிசகவில்லை.

வரி முடிந்தது. கடைசிச் சுரத்தை விடாமல் பிடித்துக்கொண்டு, அவர் வந்து சேர்ந்துகொள்வார் என்று சிரித்த முகத்தோடு காத்திருந்தார்கள். டிரம்மர் குச்சிகளைத் தட்டி நான்கு எண்ணினார். மூன்று கட்டை கீழே மட்டுமே ஒலிக்கக்கூடிய தொய்ந்த தந்தியின்மேல் டெஸ்மண்டின் கட்டைவிரல் அப்படியே இருந்தது.

டிரம்மர் மறுபடியும் ஒன்றிலிருந்து எண்ணத் தொடங்கினார்.