பெயர் ஒட்டிய மேசை

“அந்தச் சேனல் நடத்துற விவாதத்துக்குப் போனா உங்களக் கிழிச்சுத் தொங்க விட்டுருவாங்க மேடம்!” என்றான் டுவைட். அமெரிக்காவின் ஐயோவா மாநிலக் கவர்னர் தேர்தலில் நிற்கும் லோர்னாவுக்குப் பிரசார மேலாளர் அவன்.

“மூணு வருஷமா என்னைத் திட்டுற சேனல்தான். ஆனா பன்றிப் பண்ணைக்காரங்க வீட்டுல எல்லாம் அதுதானே ஓடுது? அவங்ககிட்ட நான் எப்பத்தான் பேசுறது?”

“பேசவே வேணாம். புறக்கணிச்சாத்தான் நம்ம ஆளுங்க கைதட்டுவாங்க.”

மூன்று நாள் மல்லுக்கட்டி லோர்னா தோற்றார். விவாதத்தன்று சேனல்காரர்கள், அவர் பெயர் ஒட்டிய மேசையை மைக்கோடு காலியாக வைத்து, தொண்ணூறு நிமிடமும் காட்டினார்கள். அவமானம் தாங்காமல் லோர்னா டிவியை அணைத்தார்.

மறுநாள் காலை டுவைட் துள்ளிக்கொண்டு வந்தான். “மேடம், அந்தச் சேனல் பாக்கிறவங்ககிட்ட கருத்துக்கணிப்பு எடுத்திருக்காங்க. நீங்கதான் முதலிடம்!”

“நான்தான் போகவே இல்லையே!”

“மத்த மூணு வேட்பாளருங்களும் ஒரே கத்தலாம். நீங்க மட்டும்தான் யார் பேச்சுலயும் குறுக்கே விழலையாம்.”

லோர்னா பல்லைக் கடித்தார். “வெள்ளிக்கிழமை நமக்கு வேண்டப்பட்ட சேனல்ல விவாதம் இருக்குல்ல, அங்கயாவது வாயைத் திறக்கிறேன்.”

டுவைட் தலையைச் சொறிந்தான்.

“அங்கயும் மேசை மட்டும் போதும்னு சொல்லிட்டேன் மேடம்.”