ராஜகுமாரி இறங்கும் இடம்

கூட வேலை பார்க்கும் சுஹாஸும் அவளோடு வண்டியைவிட்டு இறங்கிவிட்டான்.

சுனிதா இதை எதிர்பார்க்கவில்லை.

இத்தனை மாதமாகக் கால் சென்டர் சுமோ விடிகாலையில் மல்லேஸ்வரத்தின் அந்தத் தெருமுனையில் நிற்கும். நடுவிலிருக்கும் பங்களாவைக் காட்டி "எங்க வீடு அதோ" என்று இறங்கிக்கொள்வாள். வண்டி திரும்பி மறையும்வரை கைப்பையில் சாவியைத் தேடுவாள். பிறகு தண்டவாளத்தைத் தாண்டி ஸ்ரீராம்புரத்துக்கு நடப்பாள். கால் நீட்டிப் படுத்தால் எதிர்ச்சுவர் இடிக்கிற வீட்டுக்கு.

அவளை மட்டும் குற்றம் சொல்ல முடியாது. வேலைக்குச் சேர்ந்த அன்றைக்கே கம்பெனி அவளுக்கு சூசன் என்று பேர் வைத்து, ஊரையும் ஒஹாயோ ஆக்கிவிட்டது. பேரும் ஊரும் பொய்யான பிறகு தெரு மட்டும் எதற்கு நிஜமாக இருக்கவேண்டும்?

கேன்டீனில் அந்த வீட்டு ஊஞ்சலைப் பற்றிக்கூடப் பேசியிருக்கிறாள். ஹாலில் தொங்கும் சரவிளக்கு, மாடியில் பூட்டியே கிடக்கும் பியானோ. எல்லாம் கேள்விப்பட்டதுதான். ஒருநாளும் உள்ளே போனதில்லை.

இன்றைக்கு வினை ஒரு படத்தின் வடிவத்தில் வந்தது.

கிறிஸ்துமஸ் ராத்திரி. அமெரிக்காவிலிருந்து ஒரு கிரெடிட் கார்டுக்காரனும் போன் பண்ணவில்லை. உச்சரிப்பு சொல்லித்தரும் அலெக்சாண்டர், ஓசூரைத் தாண்டாமலே அமெரிக்க மூக்கை வரவழைத்துக்கொண்டவர், எல்லோரையும் உட்காரவைத்துப் படம் போட்டார். "கதையைப் பாக்காதீங்க, வாயைப் பாருங்க" என்றார்.

யாரும் வாயைப் பார்க்கவில்லை.

பனி கொட்டும் ஏதோ ஒரு குட்டி தேசம். அதன் இளவரசன் ரொட்டிக்கடையில் மாவு பிசைகிறான். அவன் யாரென்று கடைக்காரப் பெண்ணுக்கு மட்டும் தெரியாது. மாவுக்குக்கூடத் தெரிந்திருக்கும் போலிருந்தது. கடைசியில் உண்மை வெளிப்பட்டு, இரவல் கோட்டோடு அரண்மனை வாசலுக்கு அவள் ஓடுகிறாள். உயரத் தொப்பி போட்ட காவலன் விறைத்து நின்று சல்யூட் அடிக்கிறான்.

எல்லோரும் கைதட்டினார்கள். சுஹாஸ் கண்ணைத் துடைத்துக்கொண்டு அதே கையால் அவள் கையைப் பிடித்தான்.

அவளும் விடவில்லை.

இளவரசன் ஏழையாக நடித்தால் ஊரே உருகுகிறது. அதையே தலைகீழாக நடித்தால் ஃபோர் ட்வென்டி என்கிறது.

"ராஜகுமாரியைத் தெருமுனையில இறக்கிவிட்டுட்டுப் போறவன் என்ன ராஜகுமாரன்?" என்று சொல்லிக்கொண்டு அந்த ஜெயநகர்ப் பணக்காரப் பையன் சுஹாஸ் இப்போது கூடவே நடந்தான். சுமோவிலிருந்து மற்றவர்களின் தலைகள் எட்டிப் பார்த்தன.

கேட்டில் பித்தளைப் பலகை. கோதண்டராமன், ரிடையர்டு சீஃப் இன்ஜினியர். பதவி போயும் பலகை போகவில்லை. வீட்டுக்காரர்கள் மகனோடு அமெரிக்காவில் இருந்தார்கள். அது அவளுக்குத் தெரியும். இந்நேரத்தில் வாட்ச்மேன் பின்பக்கம் செடிகளுக்குத் தண்ணீர் விட்டுக்கொண்டிருப்பார், அதுவும் தெரியும்.

இன்றைக்கு அவர் முன்பக்கம்தான் இருந்தார். ஸ்டூலில் உட்கார்ந்து, குளிருக்குக் காதைச் சுற்றி மப்ளர், தொப்பி முழங்கால்மேல்.

சுஹாஸ் பலகையைப் படித்தான்.

"உங்கப்பாவா?"

கம்பிக்கு அந்தப் பக்கம் வாட்ச்மேன் எழுந்து நின்றார்.

சுனிதா ஆமாம் என்று தலையாட்டினாள்.

"அப்ப அங்கிளுக்கு மெர்ரி கிறிஸ்துமஸ் சொல்லிட்டே போறேன். ஏன்ப்பா வாட்ச்மேன், மேடம் நிக்கறாங்க, தெரியல? கேட்டைத் திற!"

வாட்ச்மேன் சுஹாஸைப் பார்த்தார். அவளைப் பார்த்தார். அவளைக் கொஞ்சம் கூடுதல் நேரம் பார்த்தார்.

பிறகு குதிகால் இரண்டும் ஒட்ட நின்று ஒரு சல்யூட் வைத்தார். படத்தில் அந்தத் தொப்பிக்காரன்கூட அவ்வளவு நிமிரவில்லை.

"குட்மார்னிங் மேடம்."

கார் வந்தால் மட்டும் திறக்கும் பெரிய கேட்டை இரண்டு பக்கமும் விரியத் திறந்தார். சுஹாஸ் காலெடுத்து வைக்கப் போனான்.

"மேடமோட அப்பா ராத்திரி பூரா கண்ணு மூடலீங்க சார்" என்றார் வாட்ச்மேன். "இன்னொரு நாளைக்கு வாங்க."

சுஹாஸ் மரியாதையாகப் பின்வாங்கினான். சீஃப் இன்ஜினியர் விழித்துக்கொள்வாரோ என்று குரலையும் தாழ்த்திக்கொண்டான். கம்பெனி எல்லோருக்கும் கொடுத்த பிளம் கேக்கில் தன்னுடையதை வாட்ச்மேன் கையில் திணித்தான்.

"வெச்சுக்கப்பா. வீட்ல புள்ளைங்களுக்குக் குடு."

அவர் இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டார்.

சுஹாஸ் ஏறிக்கொள்ள, சுமோ புறப்பட்டது. கேக்கை இடக்கைக்கு மாற்றிக்கொண்டு வாட்ச்மேன் மறுபடியும் சல்யூட் வைத்தார். வண்டி திரும்பி மறையும்வரை சல்யூட் இறங்கவில்லை.

சுனிதா முதல்முறையாக அந்த கேட்டுக்கு உள்ளே நின்றிருந்தாள். குரோட்டன்ஸ், தரையோடு வரிசையாகப் பீங்கான் தொட்டிகள். எதையும் பார்க்க முடியவில்லை. கால் கட்டைவிரலைத்தான் பார்க்க முடிந்தது. நாலு வார்த்தை திட்டினால் தேவலை என்றிருந்தது.

அவர் திட்டவில்லை. கேட்டைச் சாத்திக் கொண்டி போட்டார். கேக்கை அவள் பக்கமாக நீட்டினார், முகத்தைப் பார்க்காமல்.

"பின்னாடி சின்ன கேட்டு இருக்குது, அப்படியே போயிடு. லேட்டாச்சுன்னு உங்கம்மா பயந்துனு இருப்பா."

அவள் கேக்கை வாங்கிக்கொண்டாள். மெதுவாக நடந்து வீட்டு மூலையைத் தொட்டபோது பின்னாலிருந்து குரல் வந்தது.

"அந்தத் தம்பி நாளைக்கும் வருவாரா?" என்றார் அப்பா. "முன்னாடியே சொல்லிடும்மா. மப்ளரைக் கழட்டிட்டு, தொப்பி போட்டுனு நிக்கறேன்."