பதினெட்டு வருஷம், ஒரு கீறல் இல்லை

ஒரே மாதத்தில் மூன்று பஸ்கள் எங்கெங்கோ போய் இடித்ததில், புதிதாக வந்த டிப்போ மேனேஜரின் வேலையே ஊசலாடியது. டிரைவர்களுக்கு உடனே பயிற்சி கொடுக்கச் சொல்லி மேலிடத்து உத்தரவு. பதிவேட்டைப் புரட்டியவர், பதினெட்டு வருடமாக ஒரு விபத்துகூடச் செய்யாத டிரைவரைக் கண்டுபிடித்து அறைக்கு வரவழைத்தார்.

“அண்ணே, இனிமே நீங்கதான் எல்லாருக்கும் பயிற்சி கொடுக்கணும்.”

“ஐயோ, நான் எதுக்கு சார்?”

என்ன ஒரு அடக்கம் என்று மேனேஜர் உருகிப்போனார்.

“வேகமாப் போவீங்களா?”

“வேகம்ங்கற பேச்சுக்கே இடமில்ல சார்.”

“ஹாரன்?”

“ஒரு தடவைகூட அடிச்சதில்ல.”

“ஓவர்டேக்?”

“என்னைத்தான் எல்லாரும் தாண்டிப் போவாங்க. நான் கோவிச்சுக்கறதில்ல.”

மேனேஜர் கண்ணைத் துடைத்துக்கொண்டு அத்தனையையும் பாடமாக எழுதிக்கொண்டார்.

“சரிண்ணே, உங்க பஸ்ஸ வாசலுக்கு எடுத்துட்டு வாங்க. எல்லாருக்கும் ஓட்டிக் காட்டுங்க.”

டிரைவர் தலையைச் சொறிந்தார்.

“அது வராது சார். நான் வேலைக்குச் சேர்ந்த அன்னிக்கு இஞ்சினைக் கழட்டி ரிப்பேருக்கு அனுப்பினாங்க. இன்னும் திரும்பி வரல. தினமும் சீட்ல உக்காந்திருந்துட்டு, சாயந்தரம் கையெழுத்துப் போட்டுட்டுப் போயிடுவேன்.”

அந்த நேரம் பார்த்து வெளியே டமால் என்று ஒரு சத்தம். மேனேஜர் ஜன்னல் வழியே எட்டிப் பார்த்தார். பயிற்சிக்கு வந்த இரண்டு பஸ்கள், வாசலில் மூக்கோடு மூக்கு ஒட்டி நின்றன.

திரும்பி வந்து நாற்காலியில் சாய்ந்தார்.

“பரவாயில்லண்ணே. அதையே சொல்லிக்கொடுங்க.”